முதல் மார்க் வாங்கிய மண்

ஆகஸ்ட் 17, ஞாயிறு

உரக்கடைக்காரர் தை மாதம் இனாமாகக் கொடுத்த டைரி இது. இத்தனை நாளும் பரணில் பல்லிகளுக்குப் பாயாகக் கிடந்தது. இன்றைக்கு எழுதாவிட்டால் என் நெஞ்சு வெடித்து, அந்தச் சத்தத்தில் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பஸ்கள் தானாகக் கிளம்பிவிடும் என்பதால் எடுத்துவிட்டேன்.

சிந்துஜா வந்தாள். என் மச்சான் சுப்புராயனின் ஒரே மகள். விவசாயக் கல்லூரியில் படித்தவள். அதற்கு முன்னால், இந்த ராக்கியப்பனின் தோளில் உட்கார்ந்து உலகத்தைப் பார்த்தவள். அப்பேர்ப்பட்டவள் இன்று ஸ்கூட்டரை எங்கே நிறுத்தினாள்? பொங்கியண்ணன் வீட்டு வாசலில்.

பொங்கியண்ணன் என் சகலை. எங்கள் மாமனார் மூத்த மகள் மரகதத்தை எனக்கும், இளையவளை அவனுக்கும் கட்டிக்கொடுத்தார். இருந்த நாலு ஏக்கருக்கு நடுவில் ஒரு வரப்பைப் போட்டு ஆளுக்குப் பாதி என்று பிரித்தும் கொடுத்தார். வயதில் நான்தான் மூத்தவன். ஆனால் அவன் பேரிலேயே அண்ணன் ஒட்டிக்கொண்டிருப்பதால், கூப்பிடும்போதெல்லாம் நான் 'அண்ணா' என்றுதான் முடிக்க வேண்டியிருக்கிறது. இது அவன் பிறக்கும்போதே அவனைப் பெற்றவர் செய்துவைத்த சதி.

அங்கே காப்பி குடித்து, முறுக்குத் தின்று, சிரிக்க வேண்டியதையெல்லாம் சிரித்து முடித்த பிறகு என் வீட்டுக்கு வந்தாள்.

விஷயம் இதுதான். உடுமலையில் சின்னதாக மண் ஆய்வுக்கூடம் ஒன்று திறந்திருக்கிறாள். மிஷின் எல்லாம் வந்துவிட்டது, மண்தான் வரவில்லை. இந்த மக்காச்சோள வெள்ளாமை வரைக்கும் பார்ப்பேன், அதற்குள் ஆள் வராவிட்டால் கடையைச் சாத்திவிட்டு ஓசூர்க் கம்பெனி வேலைக்குப் போய்விட வேண்டும் என்று சுப்புராயன் கெடு வைத்துவிட்டான்.

"உங்க ரெண்டு மாமன் வயல்லயும் மண்ணைச் சோதிச்சு, அது சொல்ற அளவுக்கே உரம் போடுவோமுங் மாமா. கருது பிடிக்கறப்ப ஊரைக் கூப்புட்டுக் காட்டுவோம். அதைப் பாத்து நாலு பேரு மண்ணு கொண்டாந்தாப் போதும், நான் இங்கயே இருந்துக்குவேன்."

"உனக்கில்லாத மண்ணா அம்மிணி! ஆமா, மொதல்ல யாருகிட்டக் கேட்ட?"

"சின்ன மாமாகிட்டங். அவரு வாசல்லயே நின்னுட்டு இருந்தாரு."

வாசலில் நின்றானாம். நாளையிலிருந்து நான் நடுரோட்டில் நிற்கப்போகிறேன்.

ஆகஸ்ட் 20, புதன்

மண் எடுப்பது எப்படி என்று சிந்து ஒரு பாடமே நடத்திவிட்டுப் போயிருக்கிறாள். வயலில் வளைந்து வளைந்து நடக்க வேண்டுமாம். பத்துப் பதினைந்து இடத்தில் அரையடி ஆழத்துக்கு ஆங்கில வி எழுத்துப் போலக் குழி பறித்து, ஓரத்து மண்ணைச் சுரண்டிச் சேர்த்து, கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, கடைசியில் அரைக் கிலோ கொடுக்க வேண்டுமாம். வரப்போரம் கூடாது, மரத்தடி கூடாது, குப்பை கொட்டிய இடம் கூடவே கூடாது.

வரப்புக்கு அந்தப்பக்கம் பொங்கியண்ணன் குனிந்து குனிந்து பறித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு குழியும் பொட்டு மாதிரி. அவனைப் பார்த்தால் மண் எடுக்கிற மாதிரியா இருந்தது? நல்ல பிள்ளை என்று பேர் எடுக்கிற மாதிரி இருந்தது.

நான் யோசித்தேன். பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பெண்ணை எப்படிக் காட்டுகிறோம்? அடுப்படிப் புகையில் கண் சிவந்து நிற்கும்போதா கூப்பிட்டுக் காட்டுகிறோம்? தலை சீவி, பூ வைத்து, பட்டுக் கட்டித்தானே காட்டுகிறோம்? மண்ணுக்கு மட்டும் என்ன தலையெழுத்து?

என் வயலின் தென்மூலையில் மாமனார் காலத்திலிருந்தே சாணமும் கோழிக்கழிவும் கொட்டிவந்த குப்பைமேடு இருந்தது. போன வருஷம்தான் அள்ளி முடித்தோம். அடியில் இருக்கிற மண் கருகருவென்று காப்பித்தூள் மாதிரி மின்னும். அதில் கைத்தடியை ஊன்றிவிட்டு வந்தால் மறுநாள் அது காய்க்கும். அதுவும் என் வயல்தானே? பட்டா என் பேரில்தானே இருக்கிறது?

ஒரே குழி. அரைக் கிலோ. முட்டை ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கி எறிந்தேன். ஒன்றிரண்டு தப்பியிருக்கலாம். சுண்ணாம்புச் சத்தும் சத்துதானே.

செப்டம்பர் 2, செவ்வாய்

வெற்றி! வெற்றி! பேரிகை கொட்டுங்கள்!

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றுக்கும் நேராக என் ஆய்வுத் தாளில் 'மிக அதிகம்'. சாம்பல்சத்து மட்டும் ஏக்கருக்கு ஐந்நூறு கிலோவைத் தாண்டுகிறது. சோழ மன்னர்கள் என் காலத்தில் இருந்திருந்தால் படையெடுத்து வந்து என் மண்ணை மூட்டை கட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

பொங்கியண்ணன் தாளில் தழைச்சத்து 'குறைவு', மணிச்சத்து 'நடுத்தரம்'. பாவம், பையன் பரீட்சையில் கோட்டைவிட்டான்.

தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். டீக்கடைக்குக் கையோடு கொண்டுபோக இன்னொரு நகல்.

செப்டம்பர் 5, வெள்ளி

சிந்து வந்தாள். இந்த முறை முதலில் என் வீட்டுக்கு! ஆனால் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"மாமா, மண்ணை எங்கீங் எடுத்தீங்க?"

"வயல்லதான் கண்ணு."

"வயல்ல எங்கீங்?"

"நம்ம வயல்லயேதான்."

"ஒரே பூமியில ஒரு வரப்பு தள்ளி இத்தனை வித்தியாசம் வராதுங். இன்னொருக்கா எடுத்துப் பாத்துடலாமுங்."

என் மண் நல்ல மார்க் வாங்கினால் மறு பரீட்சையா? அவன் மண் ஃபெயிலானால் மட்டும் ஒரே பரீட்சை போதுமா? காப்பி டம்ளரை அப்படியே தள்ளிவைத்துவிட்டு, "மாமன் பேச்சுல உனக்கு நம்பிக்கை இல்லைன்னு ஆயிப்போச்சு" என்று மேலே கூரையைப் பார்த்தேன். மரகதம், "இந்த நாடகத்துக்கு டிக்கெட் எவ்வளவுங்க?" என்று கேட்டதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சிந்து வேறு வழியில்லாமல் கணக்கை எடுத்துச் சொன்னாள். ஏக்கருக்கு முப்பத்தைந்து குவிண்டால் சோளம் வேண்டும் என்று இலக்கு வைத்தால், அதற்குச் செடி இத்தனை கிலோ சத்துத் தின்னும். அதில் மண் தன் கையிலிருந்து எவ்வளவு தரும் என்பதைத்தான் சோதனை சொல்கிறது. மீதியை நாம் உரமாகப் போட வேண்டும்.

"மண்ணுல இருக்கறது மொத்தமும் செடிக்குக் கெடைக்காதுங் மாமா. அதுல ஒரு பங்குதான் செடி கைக்கு எட்டும். அந்தப் பங்கைத்தான் கணக்குல எடுக்கோணும்."

இருப்பது வேறாம், எட்டுவது வேறாம். அதை என்னிடம் வந்து சொல்கிறாள்! இந்தப் பெண் மேல் எனக்கிருக்கிற பிரியம் ஆனைமலை உயரம். அவள் ஸ்கூட்டர் நிற்பதோ அடுத்த வீட்டு வாசலில்.

இந்தத் தாள்படி என் வயலுக்கு விதைக்கும்போது கொஞ்சம் டி.ஏ.பி. உரம், பிறகு ஒன்றும் வேண்டாம். அவன் வயலுக்கு மூன்று தவணையாக யூரியா. அவன் மூட்டை சுமக்கட்டும். நான் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டு பார்க்கிறேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

இரண்டு வயலிலும் ஒரே நாளில் சோளம் ஊன்றியாயிற்று. ஒரே விதை, ஒரே வாய்க்கால் தண்ணீர். முளைக்கிறபோதே எனது ஓரடி உயரமாக முளைக்கும் என்று டீக்கடையில் அறிவித்துவிட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

முளைத்துவிட்டது. அவனுடையதும்.

அக்டோபர் 10, வெள்ளி

அடி இலைகள் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சளாகிக்கொண்டு வருகின்றன. இது பொன்னிறம். மற்றவர்கள் பயிர் பச்சையாகத்தான் வளரும், எனது தங்கமாகவே வளர்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். டீக்கடையில் யாரும் சிரிக்கவில்லை. அப்படியென்றால் நிலைமை கொஞ்சம் மோசம்தான்.

அவன் வயல் கண்ணுக்கு எரிச்சலாகப் பச்சை. அவ்வளவு பச்சை ஒரு மனிதனுக்கு ஆகாது. நடுவில் அந்த ஒரு வரப்பு மட்டும் இல்லாவிட்டால் அந்தப் பச்சை எந்த நிமிஷமும் என் பக்கம் ஊற்றிவிடும் போல நிற்கிறது.

இது அவன் கண்பட்ட கோளாறு. மூலைக்கொன்றாகப் பூசணிக்காய் கட்டினேன்.

அக்டோபர் 13, திங்கள்

மரகதத்தோடு அவள் தோழி வீட்டுச் சீர் விசேஷத்துக்குப் போய்விட்டுப் பொழுதோடு திரும்பினேன். வயலில் காட்டுப்பன்றி இறங்கியிருக்கிறது! சாதாரணப் பன்றி இல்லை, படித்த பன்றி. செடி ஒன்றைக்கூட முறிக்காமல், வளைந்து வளைந்து நடந்து, பதினைந்து இடத்தில் வி எழுத்து மாதிரி குழி பறித்துவிட்டு, திரும்ப அழகாக மூடியும் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. செருப்புக்கூடப் போட்டிருந்தது போல. இரண்டு ஜோடி.

வனத்துறைக்கு எழுதலாமா என்று யோசிக்கிறேன்.

அக்டோபர் 18, சனி

சிந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மாமா, இது தழைச்சத்துப் பசிங். இன்னும் நேரம் இருக்குது. இந்தக் கணக்குப்படி யூரியா போட்டாப் பயிரைத் தூக்கிடலாமுங். ஒருக்கா இதைப் பாருங்."

"என்ற கணக்கு அந்தா, சொவத்துல தொங்குது. நீ குடுத்ததுதான். உன்ற மிஷினு சொன்னதை நீயே நம்பமாட்டயா?"

"மாமா..."

"ஊரே அந்தத் தாளைப் பாத்துருக்குது அம்மிணி. இன்னிக்கு நான் யூரியா மூட்டையைத் தூக்கினா, நாளைக்கு என்ற மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெக்கறது?"

தாளை மடித்துக்கொண்டு போய்விட்டாள். காப்பி குடிக்கவில்லை. தன் அத்தையிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மாமனார் வீட்டில் எல்லோருக்கும் விருந்து. சிந்து இலை போட்டாள். முதல் இலை பொங்கியண்ணனுக்கு. அவன்தான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான், வரிசை அங்கிருந்துதான் ஆரம்பிக்கும் என்று மரகதம் சொல்கிறாள். அந்த ஓரத்தை அவன் எத்தனை மணிக்கு வந்து பிடித்தான் என்று யாராவது கேட்டார்களா?

அக்டோபர் 26, ஞாயிறு

ஊரே பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டது. எனக்கு மட்டும் வயிற்று வலி. மரகதம் கதவைச் சாத்திக்கொண்டு போன மறுகணம் வலி போய்விட்டது. மருத்துவ உலகத்துக்கு இது ஒரு செய்தி.

உச்சி வெயிலில், துண்டுக்கடியில் அரை மூட்டை யூரியாவை மறைத்துக்கொண்டு என் வயலுக்கே நான் திருடனைப் போலப் போனேன். மறைக்க முடியாத பொருள் அது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி நடந்தேன்.

என் வயலுக்குள் ஒரு ஆள் குனிந்து நிற்கிறான். கையில் பழைய பால் பவுடர் டப்பா. வரிசை வரிசையாக என் செடிகளுக்கு எதையோ வைத்து மண் அணைத்துக்கொண்டு வருகிறான். நிமிர்ந்தான்.

பொங்கியண்ணன்.

"ஏம்ப்பா, உனக்கு மூட்டுவலின்னு கல்யாணத்துக்குப் போகலைன்னாங்க?"

"உங்களுக்கு வகுத்துவலின்னாங்களேங் அண்ணா."

கொஞ்ச நேரம் இருவரும் இரண்டு நோயாளிகளைப் போலவே நின்றோம்.

"என்ற வயல்ல என்னப்பா பண்ற?"

"யூரியா வெக்கறனுங்."

"அது தெரியுது. எதுக்கு வெக்கற?"

"பயிரு பசிச்சுக் கெடக்குதுங். பாத்துட்டுச் சும்மா இருக்க முடியலை. சிந்துப் புள்ளை சொன்ன அளவுதானுங், ஒரு வரிசைக்கு இந்த டப்பாவுல ஒண்ணு."

"என்ற வயலுக்கு அளவு உன்கிட்டச் சொன்னாளா?"

"உங்ககிட்டத்தானுங் மொதல்ல சொல்ல வந்துச்சு. நீங்க காயிதத்தையே பாக்கலையாமா. நேரா எங்கூட்டுக்கு அழுதுட்டே வந்துச்சு."

அழுதாள். சரி. அதையும் அவன் வீட்டில் போய்த்தான் அழ வேண்டுமா? என் வீட்டில் தூண் இல்லையா? சாய்ந்துகொள்ள அத்தை இல்லையா? நான் இல்லையா?

"எந்திரி. எந்திரிச்சு வரப்புக்கு அக்கட்டப் போ. என்ற பயிரு பட்டினி கெடந்து சாகும், உன்ற கையால தின்னாது!"

டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். திரும்பி ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "வெயில்ல நிக்காதீங் அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் கொண்டுபோன யூரியாவைப் பார்த்தேன். இனி நான் போட்டால், அவன் ஆரம்பித்த நல்ல காரியத்தை நான் முடித்துவைத்ததாக ஆகிவிடும். அவனுக்குக் கூலியாள் ஆவதா? திரும்பவும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

வரப்போரம் அவன் டப்பா பட்ட ஏழெட்டு வரிசை மட்டும் பச்சை பிடித்து எழுந்துவிட்டது. மீதி வயல் மஞ்சள். மஞ்சள் புடவைக்குப் பச்சைக் கரை போட்ட மாதிரி, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிறது. என் வயலிலேயே அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

நவம்பர் 29, சனி

நாளைக்கு வயலைப் பார்க்க ஊர் வருகிறது. சுப்புராயனும் வருகிறானாம். ஓசூர்க் கம்பெனி ஆளிடம் பேசிவைத்துவிட்டானாம். மரகதம் சோறு போடும்போது, "புள்ளை ஓசூர் போனா வருசத்துக்கு ஒருக்கா தீபாவளிக்கு வரும்" என்றாள். பிறகு சட்டத்தில் தொங்குகிற தாளை ஒரு பார்வை பார்த்தாள். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் என்னைத் திட்டாமல் விட்டது இன்றைக்குத்தான்.

சோறு இறங்கவில்லை. இந்த வயிற்று வலி நிஜம்.

நவம்பர் 30, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மிகைப்படுத்தவில்லை. வந்தவர்கள் ஐயாயிரம் பேர். மரகதம் அறுபது என்கிறாள்.

முதலில் பொங்கியண்ணன் வயல். ஒவ்வொரு கருதும் கைத்தடி நீளம். எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். சிந்து கணக்கை விளக்கினாள், தலையாட்டினார்கள். பிறகு வரப்பு தாண்டினார்கள்.

மேக்காலத் தோட்டத்துச் சின்னான்தான் ஆரம்பித்தான். "ஏம்மிணி, உன்ற மிஷினு ராக்கியப்பண்ணன் மண்ணுக்கு உரமே வேண்டாமுன்னுச்சாமா. பயிரு சீக்கு வந்த கோழியாட்டத் தலையைத் தொங்கப்போட்டு நிக்குது. இதுக்கு நாங்க எதுக்கு மண்ணு கொண்டாரோணும்? கிளி ஜோசியம் பாத்துக்கறோம்."

சிரிப்பு. சிந்துவுக்கு முகம் சுருங்கிவிட்டது. என்னைப் பார்த்தாள். மாமனைச் சந்தியில் நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை. பின்னால் சுப்புராயன் வேட்டியைத் தட்டிக்கொண்டு கிளம்ப எழுந்தான்.

அப்போதுதான் என் சகலை முன்னால் வந்தான்.

"புள்ளை மேல தப்பு இல்லீங்" என்றான் பொங்கியண்ணன். "அண்ணன் வயலுக்கு மண்ணு எடுத்துக் குடுத்தது நானுங்க. வெவரமில்லாம எருக் கொட்டின எடத்துல எடுத்துப்போட்டனுங். தப்பு என்ற மேலதான். இந்தப் பச்சை வரிசை, பொறவு சரியா மண்ணெடுத்து, புள்ளை போட்ட கணக்குல வந்ததுங்."

கூட்டம் அடங்கிவிட்டது. "பெரிய மனசுப்பா" என்றது ஒரு குரல். "இந்தக் காலத்துல யாரு தன் தப்பை ஒத்துக்கறாங்க?" என்றது இன்னொன்று. சிந்து அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வை! கோயிலில் கற்பூரம் காட்டும்போது பார்க்கிற பார்வை.

வாசல் அவனுக்கு. முதல் இலை அவனுக்கு. பச்சை அவனுக்கு. அவள் அழுகையும் அவனுக்கு. கடைசியில் என் தப்பும் அவனுக்கா?

"பொய்!" என்று நான் போட்ட சத்தத்தில் ஆனைமலையில் யானைகள் திரும்பிப் பார்த்திருக்கும். "பச்சைப் பொய்! அந்த மண்ணை எடுத்தவன் நான்! இந்தக் கையால எடுத்தேன்! இவனுக்கு அந்த மாதிரி இடத்தைத் தேடிப் புடிக்கத் துப்பு இருக்குதா? வாங்க எல்லாரும், காட்டறேன்!"

ஐயாயிரம் பேரையும் தென்மூலைக்கு இழுத்துக்கொண்டு போனேன். முதல் மார்க் வாங்கிய இடம் என்று அங்கே மட்டும் உழாமல், சோளம் ஊன்றாமல் விட்டிருந்ததால், நான் பறித்த குழி அப்படியே இருந்தது. கையை விட்டு ஒரு பிடி அள்ளி ஊருக்கே காட்டினேன். "பாருங்க! இது மண்ணா, காப்பித்தூளா? இதை வெச்சுத்தான் முதல் மார்க் வாங்கினேன். இதுல அவனுக்கு ஒரு பங்கும் கெடையாது!"

சின்னான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்டான். கூட்டம் சிரித்த சிரிப்பில் மீதி மஞ்சள் இலைகள் உதிர்ந்தன.

சிந்துவும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பொட்டலத்துல முட்டை ஓடு இருந்துச்சுங் மாமா. வயல்ல எந்தக் கோழிங் வந்து முட்டை வெச்சுது?" என்றாள்.

பிறகு அவள் பேசினாள் பாருங்கள்! என்னைக் குழிக்குப் பக்கத்திலேயே நிறுத்திவைத்து, "இங்க எடுத்த மண்ணைக் கேட்டாப் பயிரு அப்படி ஆகும்" என்று மஞ்சளைக் காட்டினாள். "வயல் முழுக்க எடுத்துக் கேட்டா இப்படி ஆகும்" என்று பச்சை வரிசையைக் காட்டினாள். "மிஷினு பொய் சொல்லாதுங்க. நாம எதைக் குடுத்துக் கேக்கறமோ, அதுக்குத்தான் பதில் சொல்லும்."

சிரிப்பு நின்றுவிட்டது. சின்னான் மெதுவாக எழுந்து, "ஏம்மிணி, மாட்டுக்கொட்டாய்க்கு முன்னாடி எடுத்தாலும் இப்படித்தான் ஆகுமா?" என்று கேட்டான். கேட்ட தோரணையிலேயே தெரிந்தது, அவன் பொட்டலம் ஏற்கெனவே தயார்.

கிளம்பும்போது சிந்து ஸ்கூட்டரை என் வாசலில் நிறுத்திக் காப்பி குடித்தாள். இரண்டு டம்ளர்.

டிசம்பர் 7, ஞாயிறு

உடுமலைக்குப் போனேன். பொங்கியண்ணனும் ஒட்டிக்கொண்டு வந்தான். ஆய்வுக்கூடத்து வாசலில் துணிப்பைகள், ஒவ்வொன்றிலும் பேர் எழுதிய சீட்டு. நாங்கள் இருக்கும்போதே சுப்புராயன் வந்தான். மகளிடம் ஒன்றும் பேசவில்லை. ஒரு பையை மேஜைமேல் வைத்தான்.

"தென்னந்தோப்பு மண்ணு. வளைஞ்சு வளைஞ்சு நடந்துதான் எடுத்தேன்" என்றான்.

"ரிசல்ட் வர நாலு நாள் ஆகுமுங்ப்பா."

"ஆகட்டும். ஓசூர்க்காரன்கிட்ட வேண்டாமுன்னு சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவசர வேலை இருக்கிற மாதிரி வெளியே போய்விட்டான்.

உள்ளே கண்ணாடி அலமாரியில், மேல்தட்டில் நட்டநடுவே ஒரு பாட்டில். அதில் கருகருவென்று மண், மேலே வெள்ளையாக ஒரு முட்டை ஓடு. கீழே அச்சடித்த சீட்டு: 'மண்ணை இப்படி எடுக்கக் கூடாது. உதவி: பெரிய மாமா.' வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்.

பொங்கியண்ணன் ஒவ்வொரு தட்டாக மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தான்.

"ஏம்மிணி, சின்ன மாமன் மண்ணு எங்கீ வெச்சிருக்கற?"

"உங்குளுது நல்லபடியா எடுத்த மண்ணுங் மாமா. சோதிச்சுப்போட்டு அப்பவே கொட்டிட்டனுங்."

அவன் முகம் நுனியிலிருந்து மெல்ல மெல்ல மஞ்சளாகிக்கொண்டு வந்ததை நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, நிதானமாக உட்கார்ந்து பார்த்தேன்.